எடுத்த இடத்திலேயே வைக்கவும்

பல்கலைக்கழக நூலகத்தின் கீழ்த்தளத்தில் அரசு வெளியீடுகள் பிரிவு இருந்தது. அதன் பொறுப்பாளருக்கு அப்பா அம்மா ஆசையாக வைத்த பெயர் ஒன்று உண்டு. சம்பளப் பட்டியலுக்கு வெளியே அதை யாரும் சொல்லிக் கேட்டதில்லை. துணைவேந்தரிலிருந்து வாசல் காவலாளி வரை எல்லோருக்கும் அவள் போர்டு அக்காதான். பத்தொன்பது வருடங்களில் அவள் மாட்டிய போர்டுகள் அப்படி. "நாற்காலியை இழுக்காதீர்கள், தூக்குங்கள்." "குடையை மடக்கிவிட்டு உள்ளே வரவும், உள்ளே வந்து மடக்க வேண்டாம்." "மெதுவாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு சத்தமாகப் பேசாதீர்கள்." வீட்டை மட்டும் விட்டுவைப்பாளா? குளிர்சாதனப் பெட்டியில் ஒன்று, செருப்பு வைக்கும் இடத்தில் ஒன்று. "இவ கோபத்தைப் பத்தி ஒரு போர்டை கல்யாணத்துக்கு முன்னாடியே மாட்டியிருந்தா எனக்கு உதவியா இருந்திருக்கும்" என்று அவள் கணவர் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லுவார்.

எல்லாவற்றிலும் பெரியது கீழ்த்தளத்து நடுச்சுவரில் இருந்தது. சிவப்புப் பெயின்டில், ஒரு கதவு அகலத்துக்கு: "எடுத்த நூலை எடுத்த இடத்திலேயே வைக்கவும்." அது வந்த கதை இதுதான். பதினொரு வருடங்களுக்கு முன் ஒரு பரீட்சைக் காலம். சாயங்காலம் அக்கா உள்ளே வந்து பார்க்கிறாள், மேசைகள் எல்லாம் சந்தைக்கடை. மழை அளவுப் புத்தகத்தின் மேல் மக்கள்தொகை அட்டவணை, அதன் மேல் சட்டசபை அறிக்கை, அதன் மேல் எவனோ தேநீர்க் கோப்பையை வைத்துவிட்டு எழுந்து போயிருக்கிறான். வட்டமாகக் கறை. மூக்கின் மேல் கோபம் வருகிறவளுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? மறுநாள் காலை போர்டு ஏறிவிட்டது. மாட்டியதோடு நின்றாளா, ஒரு மாதம் அதன் கீழேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து ஒவ்வொருவரையும் கண்ணாலேயே அலமாரிக்குத் திருப்பி அனுப்பினாள். அதன் பிறகு அந்தக் கட்டடத்திலேயே சுத்தமான மேசைகள் அவளுடையவைதான். வெளியூர் விருந்தாளிகள் வந்தால் அழைத்து வந்து காட்டுவார்கள். பாராட்டுக் கடிதம்கூட ஒன்று கிடைத்தது. அதைச் சட்டம் போட்டு மேசைக்குப் பின்னால் மாட்டியிருந்தாள்.

இந்த வருடம் புதிய தலைமை நூலகர் வந்தார். அக்காவை விடப் பத்து வயது சின்னவர், தங்கமான மனிதர், ஆனால் இடம் இல்லை இடம் இல்லை என்று ஓயாமல் தவித்தார். கீழ்த்தளத்தில் பாதியை எடுத்துக் கணினிக் கூடம் ஆக்கவேண்டும் என்பது அவர் திட்டம்.

"மேடம், யாரும் தொடாததை வெச்சுக் காப்பாத்துறதுல என்ன பிரயோஜனம்? பத்து வருஷமா ஒரு கோடுகூட விழாத வால்யூம் எல்லாம் வெளியே. கோடு விழுந்தது உள்ளே. நான் சொல்லலை, கணக்கு சொல்லட்டும்."

கோடு என்றது பென்சில் கோட்டை. அரசு வெளியீடுகளை வீட்டுக்கு எடுத்துப்போக முடியாது, அங்கேயே உட்கார்ந்துதான் படிக்கவேண்டும். அதனால் எத்தனை பேர் படித்தார்கள் என்று தெரிந்துகொள்ள நூலகங்களில் ஒரு வழி உண்டு. படித்ததை மேசையிலேயே விட்டுவிடுவார்கள். சாயங்காலம் உதவியாளர் வந்து பொறுக்கி, பின் அட்டையில் ஒட்டிய சீட்டில் ஒரு கோடு கிழித்துவிட்டு அலமாரியில் அடுக்குவார். கோடுகளைக் கூட்டினால் கணக்கு.

கணக்கைப் பார்த்தால் கீழ்த்தளத்தில் ஈ காக்கா இல்லை. அதோடு தலைமை நூலகர் முந்நூறு பேரிடம் ஒரு கேள்வித்தாளும் கொடுத்திருந்தார். "நீங்கள் அரசுத் தகவல்களைப் பயன்படுத்துகிறீர்களா?" என்று முதல் கேள்வி. இருநூற்று எழுபத்தொரு பேர் "இல்லை"யில் குறி போட்டிருந்தார்கள்.

அக்காவுக்கு மனமே இல்லை. ஆனாலும் விதி விதிதான், கணக்கு கணக்குதான். ஊருக்கெல்லாம் விதி எழுதி மாட்டியவள் தனக்கு வரும்போது மாற்றிப் பேச முடியுமா? அறுநூற்று நாற்பது வால்யூம்களின் முதல் பக்கத்திலும் "நீக்கப்பட்டது" என்று அவளே முத்திரை குத்தினாள். உதவியாளர் அவற்றைக் கட்டுக்கட்டாகக் கயிறு போட்டு லிஃப்டுக்குப் பக்கத்து நடையில் அடுக்கினார். ஆறடிக்கு மேல் உயரம் என்பதால் அவருக்கு ஏணி அண்ணன் என்று பெயர். வெள்ளிக்கிழமை பத்து மணிக்குக் காகித ஆலை லாரி வருவதாக ஏற்பாடு.

வியாழக்கிழமை காலை ஒரு தையல்காரப் பெண்மணி வந்தாள். நாற்பத்தைந்து வயது இருக்கும். கழுத்தில் அளவு நாடா தொங்கியது, அதைக் கழற்றக்கூட மறந்து வந்திருந்தாள். போர்டுகளை ஒவ்வொன்றாகப் படித்துவிட்டு, நாற்காலியைத் தூக்கிப் போட்டு, விளிம்பில் உட்கார்ந்தாள். அதிலேயே அக்காவுக்கு அவளைப் பிடித்துப்போயிற்று.

"மேடம், பழைய வாய்க்கால் படம் ஏதாவது இருக்குமா? எங்க தெருவோடது."

"எந்த வருஷத்துது?"

"முப்பது வருஷம் முந்தி. மூடுறதுக்கு முன்னாடி."

பையிலிருந்து ஒரு நோட்டீஸை எடுத்து நீட்டினாள். பழைய வாய்க்காலை மறுபடி திறக்கப்போகிறார்களாம். அது அவள் வீட்டு வரிசையின் அடியில்தான் ஓடியது என்று நில அளவை அலுவலகம் சொல்கிறதாம். இல்லை என்றால் திங்கட்கிழமை பத்து மணி விசாரணையில் ஆதாரம் காட்டவேண்டும். காட்டாவிட்டால் முன்னறையோடு பாதி வீடு போகும். முன்னறையில்தான் இரண்டு தையல் மிஷின்களும் இருக்கின்றன.

"வாய்க்கால் எதிர்ப்பக்கம் ஓடுச்சு மேடம். என் மாமனார் ஆயிரம் தடவை சொல்லியிருக்கார். அவர் போய்ச் சேர்ந்துட்டார். வாய்ப்பேச்சு செல்லாதாம், அரசாங்கத்துத் தாள் வேணுமாம். என் மக இங்கதான் படிக்கிறா. 'இன்டர்நெட்ல மூணு நாளா தேடிட்டேன், ஒண்ணுமே இல்லம்மா, விட்டுடு'ங்கிறா. விடச் சொன்னா விட்டுட முடியுதா?"

அக்கா எழுந்தாள். எந்தத் துறை எந்த அலமாரி என்பது அவளுக்குத் தூக்கத்தில் கேட்டாலும் தெரியும். நில அளவைத் துறையைப் பார்த்தாள். அலுவலகத்தில் இருக்கிற அதே படம்தான், தெரு ஒரு நூலிழை அளவுக்கு. பொதுப்பணித் துறையில் பெரிய கால்வாய்கள் மட்டும். நகராட்சி ஆண்டறிக்கையில் வாய்க்கால் மூடிய செலவு இருந்தது, இடம் இல்லை. வருவாய்த் துறை, வீட்டுவசதித் துறை, வெள்ள நிவாரண அறிக்கை என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு இரண்டு மணி நேரம் தேடினாள். தையல்காரி அவள் பின்னாலேயே நடந்து, அவள் எடுத்ததையெல்லாம் வாங்கிப் பிடித்துக்கொண்டாள்.

"இல்லம்மா" என்றாள் அக்கா கடைசியில். பத்தொன்பது வருடத்தில் அந்த வார்த்தையைச் சொல்ல இவ்வளவு கஷ்டப்பட்டதில்லை.

தையல்காரி அழவில்லை. அளவு நாடாவைக் கழற்றிச் சுருட்டிச் சுருட்டிக் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

மூலை மேசையில் ஒரு ஆராய்ச்சி மாணவி உட்கார்ந்திருந்தாள். முப்பது வயதுக்காரி, வீட்டில் இரண்டு குழந்தைகள், பூச்சியியலில் ஆறு வருடமாக முனைவர் பட்டத்துக்கு மல்லுக்கட்டுகிறவள். கொசுக்களைப் பற்றி ஆராய்ச்சி என்பதால் எல்லோரும் கொசு என்றே கூப்பிடுவார்கள், அவளும் ஏன் என்று கேட்பதில்லை. கொசு தலையை நிமிர்த்தினாள்.

"அக்கா, குறுக்கே பேசுறேன்னு நினைக்காதீங்க. மலேரியா ஒழிப்பு அறிக்கையில பார்த்தீங்களா?"

"இவங்க வாய்க்கால் கேக்குறாங்க. நீ கொசு கொசுன்னு..."

"கொசு எங்க முட்டையிடும்? தேங்கின தண்ணியிலதானே? மருந்தடிக்கிறவங்களுக்கு எந்த வாய்க்கால், எந்த வீட்டுலேர்ந்து எத்தனை அடின்னு தெரியணும். வார்டு வார்டா படம் போட்டு, கதவு நம்பரோட குறிச்சு வெச்சிருக்காங்க. வருஷத்துக்கு ஒரு வால்யூம். சுகாதாரத் துறை அலமாரி, கீழ்த்தட்டு."

அக்கா அந்த அலமாரிப் பக்கம் திரும்பினாள். எது எங்கே இருக்கிறது என்று அவளுக்கு அத்துப்படி. உள்ளே என்ன இருக்கிறது என்பது வேறு விஷயம். அதைப் படிக்கிறவர்களிடம்தான் கேட்கவேண்டும், அவள் கேட்டதில்லை. அடுத்த நொடியே வேறொன்று மண்டையில் உறைத்தது.

"அந்த வரிசைதானே... அதுல ஒரு கோடுகூட இல்லையே. பதினொரு வருஷமா யாருமே தொடலையே."

"என்னக்கா சொல்றீங்க? மாசத்துக்கு ஒரு தடவை நான் எடுக்கிறேனே. ஆறு வருஷமா."

"எடுத்தா கோடு எங்க?"

"கோடா? எனக்கென்ன தெரியும்? பார்த்துட்டு எடுத்த இடத்திலேயே வெச்சுடுவேன்." கொசு சுவரைக் காட்டினாள். "நீங்கதானே போட்டிருக்கீங்க."

அக்கா சுவரைப் பார்த்தாள். சிவப்புப் பெயின்ட், கதவு அகலம். மேசையில் ஒன்றும் இல்லாவிட்டால் ஏணி அண்ணன் எதைப் பொறுக்குவார், எதில் கோடு போடுவார்? சொன்ன பேச்சைக் கேட்காதவர்கள் மேசையில் போட்டுவிட்டுப் போன நூல்களுக்கு மட்டும் கோடு விழுந்து, அவை அலமாரியில் பத்திரமாக இருந்தன. சொன்னபடி கேட்டவர்கள் படித்ததெல்லாம் கயிறு கட்டி நடையில் கிடந்தது.

"அன்னைக்கே சொன்னேனே அக்கா" என்றார் வாசலில் நின்ற ஏணி அண்ணன். "கோடு போட ஒண்ணுமே கிடைக்க மாட்டேங்குதுன்னு. நீங்கதான், 'வேலை குறைஞ்சா சந்தோஷப்படுங்க'ன்னு சொல்லிட்டீங்க. சரின்னு நானும் சந்தோஷப்பட்டுட்டேன்."

"நல்லா சந்தோஷப்பட்டீங்க போங்க!" என்று அவர்மேல் பாய்ந்தாள் அக்கா. பிறகு கொசுவின் பக்கம் திரும்பினாள். "அந்தக் கேள்வித்தாள்ல நீ என்ன எழுதின? அரசுத் தகவல் பயன்படுத்துறேன்னுதானே?"

கொசு திருதிருவென்று விழித்தாள். "இல்லைன்னு போட்டேன்."

"அடிப்பாவி! ஆறு வருஷம் அதையே கட்டிக்கிட்டு அழுதுட்டு?"

"அது அரசுத் தகவலா அக்கா? அது கொசுத் தகவல்னுல்ல நினைச்சேன். அரசுத் தகவல்னா, மந்திரி பேசுறது, நோட்டீஸ் ஒட்டுறது, அந்த மாதிரின்னு..."

திட்டிக்கொண்டிருக்க நேரம் இல்லை. நான்கு பேரும் நடைக்கு ஓடினார்கள். அங்கே இன்னொரு கூத்து. லாரியில் சரியாமல் அடுக்குவதற்காக ஏணி அண்ணன் துறை பார்க்காமல் அளவு பார்த்துக் கட்டியிருந்தார். பெரியது பெரியதோடு, குட்டை குட்டையோடு. மீன்வளமும் சிறைத்துறையும் ஒரே கயிற்றில் கிடந்தன. ஒரு கட்டு விடாமல் அவிழ்க்கவேண்டியதுதான். தையல்காரி தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, பையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்தாள். அவள் கயிறை வெட்ட, கொசு புத்தகங்களின் முதுகில் இருந்த தலைப்பைப் பார்க்க, ஏணி அண்ணன் தூக்கி வைக்க, அக்கா பம்பரமாகச் சுழன்று பழைய வரிசைப்படி பிரித்துப் போட்டாள். மதியச் சாப்பாட்டை ஒருவரும் நினைக்கவில்லை.

இரண்டரை மணிக்குக் கிடைத்தது. பழுப்புத் தாளில் மடித்து ஒட்டிய படம். தெரு, வீடுகள், ஒவ்வொரு சதுரத்திலும் கதவு எண். தையல்காரி விரலை ஓட்டிக்கொண்டே போய் நிறுத்தினாள். அது அவள் வீடு. வாய்க்கால் தெருவின் எதிர்ப்பக்கத்தில் நீலக் கோடாக ஓடியது. நடுவில் சின்ன எழுத்தில் "நாற்பத்திரண்டு அடி" என்று இருந்தது.

"மாமா சொன்னது சரிதான்" என்றாள். அப்போதுதான் அழுதாள். அக்கா அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

சாட்சிக்குப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. இந்த நூல் எங்கள் இருப்பில் உள்ளது, இது அதன் உண்மை நகல் என்று பொறுப்பாளர் கையெழுத்துப் போட்டு நகல் கொடுக்கவேண்டும். நகல் எடுக்க முதல் பக்கத்தைத் திருப்பினாள் அக்கா. கறுப்பு மையில், கோணாமல் நேராக, அவள் கையாலேயே குத்திய முத்திரை. நீக்கப்பட்டது.

தையல்காரியும் அதைப் படித்தாள். "அப்ப இந்த முத்திரை இருக்கிற வரைக்கும் இது குப்பைதானா அக்கா?" மேடம் எப்போது அக்கா ஆனது என்று இரண்டு பேருக்கும் தெரியாது.

நீக்கியதைத் திரும்பச் சேர்க்கலாம். அதற்குப் பதிவேட்டில் ஒரு பக்கம் உண்டு. கடைசிக் கட்டத்தில் காரணம் எழுதவேண்டும், தலைமை நூலகர் கையெழுத்துப் போடவேண்டும். அக்கா பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு மாடியேறினாள்.

தலைமை நூலகர் முழுவதையும் கேட்டார். கெட்ட மனிதர் இல்லை, அதனால் வழியும் அவரே சொன்னார்.

"இந்த ஒரு வால்யூமை மட்டும் 'தவறுதலாக நீக்கப்பட்டது'ன்னு எழுதிச் சேர்த்துடுங்க மேடம். போதும். மத்ததைக் கிளற வேண்டாம். கணினிக் கூடத்துக்கு அனுமதி வந்தாச்சு. உங்க கணக்கைக் காட்டித்தான் வாங்கினேன்."

"திங்கட்கிழமை கேப்பாங்க சார். புதன்கிழமை வரைக்கும் குப்பை, வியாழக்கிழமை எப்படி சாட்சியாச்சுன்னு. ஒரே ஒரு புத்தகம், இந்தம்மா வந்த அன்னைக்கே திரும்ப உள்ளே வந்திருக்குன்னா, ஜோடிச்சதுன்னு சொல்லிடுவாங்க. உண்மையைத்தான் எழுதணும்."

"உண்மைன்னா?"

"பதினொரு வருஷக் கணக்கும் தப்பு. தப்பு என்னோடது."

அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "அப்படி எழுதினா அறுநூத்தி நாப்பதும் திரும்ப உள்ளே வரணும். என் கூடம் போச்சு. உங்க பணிப்பதிவேட்டிலயும் இது ஏறும், தெரியுமில்ல? ஓய்வுபெற அஞ்சு வருஷம் இருக்கும்போது..."

தெரியும். அந்தப் பாராட்டுக் கடிதமும் தெரியும், அதை எதற்காகக் கொடுத்தார்கள் என்றும் தெரியும். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது அவளுக்கு. கீழே ஒருத்தி அளவு நாடாவைச் சுருட்டிக்கொண்டு காத்திருந்தாள். அக்கா அங்கேயே நின்றபடி எழுதினாள்: "இப்பிரிவில் பதினொரு ஆண்டுகளாக எடுக்கப்பட்ட பயன்பாட்டுக் கணக்கு செல்லாது. வாசகர்கள் நூலை மேசையில் விடக்கூடாது என்று நான் மாட்டிய அறிவிப்பே காரணம். நீக்கம் முழுவதும் ரத்து." அவள் எழுதியதிலேயே மிகச் சின்ன எழுத்து அதுதான்.

தலைமை நூலகர் அதைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். "உங்களோட பெரிய தொல்லை மேடம்" என்றார். வரவேண்டாம் என்று லாரிக்காரருக்கு அவரே தொலைபேசியில் சொன்னார். அக்கா கீழே இறங்கி, படத்தின் நகலோடு அந்தப் பதிவேட்டுப் பக்கத்தின் நகலையும் முத்திரை போட்டுத் தையல்காரியிடம் கொடுத்தாள்.

சாயங்காலம் ஏணி அண்ணன் ஏணி இல்லாமலே எம்பி சிவப்புப் போர்டைக் கழற்றினார். சுவரில் அந்த இடம் மட்டும் வெள்ளையாக இருந்தது. வெள்ளிக்கிழமை காலை அங்கே புதியது வந்தது: "படித்த நூலை மேசையிலேயே விட்டுவிடவும். தயவுசெய்து." தயவுசெய்து என்ற வார்த்தை அக்காவின் போர்டில் வந்தது அதுதான் முதல் தடவை என்று பல்கலைக்கழகம் முழுக்க ஒரே பேச்சு.

அன்று ஐந்து மணிக்கு அவள் உள்ளே வந்து பார்த்தாள். மேசைகள் மறுபடி சந்தைக்கடை. பள்ளிக்கூடக் கணக்கெடுப்பு, துறைமுக அறிக்கை, பிறப்பு இறப்பு அட்டவணை, வனத்துறை, விலைவாசி. கை துறுதுறுத்தது, அடக்கிக்கொண்டாள். ஏணி அண்ணன் முணுமுணுத்துக்கொண்டே எண்ணினார். நூற்றுப் பதின்மூன்று. இத்தனை பேரும் இத்தனை வருடமும் தன் கண்ணெதிரேயே வந்து, படித்து, சொன்னபடி அடுக்கி வைத்துவிட்டுச் சத்தமில்லாமல் போயிருக்கிறார்கள் என்று அக்கா நினைத்துப் பார்த்தாள். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். அது கிறீச்சிட்டதைக்கூட அவள் கவனிக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை தையல்காரி மகளோடு வந்தாள். அவள் முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

"எழுதினதைப் படிச்சாங்க அக்கா. சிரிச்சாங்க. 'தன் தப்பைத் தானே எழுதி முத்திரை போட்டுக் குடுத்திருக்காங்களே, இதை யாராவது ஜோடிப்பாங்களா'ன்னார் அந்தப் பெரிய அதிகாரி. ஆளை அனுப்பி அளந்தே பார்த்துட்டாங்க. நாப்பத்திரண்டு அடிதான். வாய்க்கால் எதிர்ப்பக்கம். வீட்டைத் தொட மாட்டாங்க."

மகளுக்கு அந்தப் படத்தைக் காட்டவேண்டும் என்றாள். இரண்டு பேரும் மூலை மேசையில் அரைமணி நேரம் குனிந்து உட்கார்ந்திருந்தார்கள். மகள் தன் வீட்டுச் சதுரத்தைச் செல்பேசியில் படம் பிடித்துக்கொண்டாள். பிறகு தையல்காரி எழுந்து, நாற்காலியைத் தூக்கிச் சத்தமில்லாமல் உள்ளே தள்ளி, வால்யூமைத் துடைத்து, சுகாதாரத் துறை அலமாரியின் கீழ்த்தட்டை நோக்கிப் போனாள்.

"அதை அங்க வைக்காதீங்க!"

கீழ்த்தளம் முழுக்க நிமிர்ந்து பார்த்தது. தையல்காரி பயந்துபோய் அப்படியே நின்றாள். அக்கா போய் அவள் கையிலிருந்து புத்தகத்தை வாங்கி, பின் அட்டையைத் திறந்து, காலியாகக் கிடந்த சீட்டில் பென்சிலால் ஒரு கோடு போட்டாள். அழுத்தித்தான் போட்டாள்.

"அக்கா, என்னோட ஆறு வருஷத்துக் கோடு?" என்றாள் மூலையிலிருந்து கொசு.

"வாயை மூடிட்டு மேசையில வை" என்றாள் போர்டு அக்கா.